வாழ்க்கைக்கு அர்த்தம் எங்கே இருக்கிறது?

(இறம்பொடைப் பகுதித் தோட்டக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கிழமையில் ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அந்த ஒரு நாளிலும் விறகு பொறுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் என்ன பேசுவோம்? ஊழியர் சேமலாப நிதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, குடிதண்ணீர், கக்கூசு. இவை எல்லாம் அவசியமான விஷயங்கள். ஒரு படிவத்தை நிரப்பி, ஒரு கையெழுத்தை வாங்கி, நாலு தரம் அலைந்தால் முடிகிற காரியங்கள். இன்றைக்குப் பேச வந்திருப்பது எந்தப் படிவத்தை நிரப்பியும் தீர்க்க முடியாத ஒன்று. "இந்த வாழ்க்கை எதுக்கு?" என்ற கேள்விதான் அது.

இது படித்தவர்கள் பேசுகிற பெரிய தத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். லயம் லயமாகப் போகும்போது எங்கள் காதில் அடிக்கடி விழுகிற கேள்வி இது.

சாதாரண தரப் பரீட்சை இரண்டு தரம் எழுதினான் ஒரு தம்பி. கொழும்பில் ஒரு கடையில் நின்றான். தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பகல் முழுக்க வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறான். "ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டால், "போயி மட்டும் என்னாங்க ஆவப்போவுது?" என்கிறான்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாய் சொன்னார்: "முப்பது வருசமா அதே மலை, அதே கூடை. பொறந்தோம், கொழுந்தெடுத்தோம், ஒரு நாளைக்கிப் போய்ச் சேரப்போறோம். அம்புட்டுத்தானாங்கய்யா?"

வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு பெரியவர். கைக்கு வந்த சேவைக்காலப் பணம் மகள் கலியாணத்தோடு முடிந்துவிட்டது. காலையில் பெரட்டுக்குப் பழகிய நேரத்திலேயே விழிப்பு வந்துவிடுகிறது. ஆனால் போவதற்கு இடமில்லை. "இனிமே நான் இருந்து யாருக்கு என்ன?" என்கிறார்.

வயது வேறு, கஷ்டம் வேறு. கேள்வி ஒன்றுதான். இதைக் கேட்டால் நம்மில் சிலர் சிரிப்பார்கள். "வேலை வெட்டி இல்லாதவன் கேட்கிற கேள்வி" என்பார்கள். அப்படி அல்ல. இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் கிடைக்காவிட்டால் அது வேறு வழியாக வெளியே போகும். ஒருவனைச் சாராயத் தவறணைக்குக் கூட்டிப் போகும். ஒரு வீட்டில் சண்டையாக வெடிக்கும். சில வீடுகளில், சொல்லவே நெஞ்சு நடுங்குகிறது, உயிரையே வேண்டாம் என்கிற இடத்துக்குக் கொண்டு போய் விட்டுவிடும். அதனால்தான் இதை நடுக்கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று வந்தோம்.

நம் இறம்பொடையிலிருந்தே ஆரம்பிப்போம். கண்டி - நுவரெலியா வீதியில் போகிற வெளியூர்க்காரர்கள் இங்கே இரண்டு விஷயத்துக்காக வண்டியை நிறுத்துவார்கள். ஒன்று நீர்வீழ்ச்சி. மற்றது மலைமேல் இருக்கிற பக்த அனுமார் கோயில். நமக்கு அது தினம் பார்க்கிற கோயில். வெளியூர்க்காரர்கள் அங்கே நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

அனுமார் எதற்கு இலங்கைக்கு வந்தார்? தேடி வந்தார். சீதையம்மாவைத் தேடி இந்த மலைகளில் அலைந்தார் என்பது நம் மக்களின் நம்பிக்கை. நுவரெலியாவைத் தாண்டினால் சீத்தாஎலிய என்று ஓர் ஊரே இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். உலகத்தில் தேடுகிறவர்கள் அநேகம் பேர் தங்களுக்காகத்தான் தேடுவார்கள். பணம் தேடுவார்கள், புகழ் தேடுவார்கள், நிம்மதி தேடுவார்கள். அனுமார் தனக்கென்று எதையும் தேடவில்லை. இன்னொருவருடைய கண்ணீரைத் துடைக்கத் தேடி வந்தார். அதனால்தான் கடல் பெரிதாகத் தெரியவில்லை, மலை உயரமாகத் தெரியவில்லை.

வேறு சமயத்துப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். காணாமற்போன ஓர் ஆட்டுக்காக மற்ற ஆடுகளை விட்டுவிட்டுத் தேடிப் போன மேய்ப்பனின் கதை வேதாகமத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் தேடல் இன்னோர் உயிருக்காகத்தான்.

இது புராணம், வேதம். நம் காலத்து மனிதர்கள் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டுத் தேடினார்களா? தேடினார்கள். அதில் ஒருவர் தோட்டத்து மனிதர்.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை என்று ஓர் ஊர். கோரைப் பாய்க்குப் பேர் போன ஊர். 1887 ஆம் ஆண்டு அங்கே குப்புசாமி என்று ஒரு பிள்ளை பிறந்தது. வளர்ந்து தஞ்சாவூரில் வைத்தியம் படித்தார். 1913 இல் கப்பலேறி மலாயாவுக்குப் போனார். சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் வேலை. நோயாளிகள் யார் தெரியுமா? நம்ம ஆட்கள்தான். நம் பாட்டன் பூட்டன் இலங்கைக்கு வந்த மாதிரியே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலாயாவுக்குப் போய்ப் பால் வெட்டிப் பிழைத்த தொழிலாளர்கள். காய்ச்சல், வயிற்றோட்டம், பிள்ளைப்பேறு என்று வந்து நிற்பார்கள். இல்லாதவர்களுக்குத் தன் கைக்காசையும் கொடுத்து அனுப்புவார் என்று அவருடைய வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள்.

சம்பளம் நல்ல சம்பளம். பேரும் இருந்தது. பத்து வருஷம் அப்படிப் போனது. ஆனால் மனதுக்குள் ஒரு கேள்வி. "உடம்பைக் குணப்படுத்தி அனுப்புகிறோம். ஆனாலும் மனிதனுடைய துன்பம் தீருகிறதில்லையே? நாம் எதற்கு இருக்கிறோம்?" 1923 இல் வேலையை விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். ஊர் ஊராக நடந்தார். 1924 இல் இமயமலை அடிவாரத்தில் ரிஷிகேசம் போய்ச் சந்நியாசம் வாங்கினார். அவர்தான் சுவாமி சிவானந்தர்.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய இடம். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கங்கைக் கரைக்குப் போன மனிதர் அங்கே என்ன செய்தார்? கண்ணை மூடித் தவம் செய்தார், சரி. ஆனால் பக்கத்துக் குடிசையில் ஒரு சாதுவுக்குக் காய்ச்சல் என்றால் எழுந்து மருந்து கொண்டு ஓடினார். 1927 இல் இலட்சுமணஜூலா என்ற இடத்தில் யாத்திரை போகிறவர்களுக்காக இலவச மருந்துச்சாலை நடத்தினார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் செய்த அதே வேலை!

அப்படியானால் அவர் தேடிப் போனது எங்கே இருந்தது? கையிலேயே இருந்திருக்கிறது. வேலை மாறவில்லை. அந்த வேலையை அவர் பார்த்த விதம் மாறியது. அதற்குப் பிறகு அவருக்கு அது உத்தியோகம் இல்லை, பூசை. 1936 இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை ஆரம்பித்தார். 1950 இல் இந்தியா முழுக்கச் சுற்றுப்பயணம் செய்தபோது நம் இலங்கைக்கும் வந்து போனார். 1963 இல் மறைந்தார்.

அவரைத் தேடி ரிஷிகேசத்துக்கு அநேகர் போனார்கள். கேரளத்தில் எர்ணாகுளத்தைச் சேர்ந்த பாலகிருஷ்ண மேனன் என்ற இளைஞர் அதில் ஒருவர். பத்திரிகைக்காரர். 1942 சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். சாமியார்கள் எல்லாம் ஊரை ஏமாற்றுகிறார்கள், அதைக் கண்டுபிடித்துப் பத்திரிகையில் எழுதவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் 1947 இல் அங்கே போனார். போன இடத்தில் வேலை செய்கிற சாமியாரைக் கண்டார். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். 1949 இல் அவரும் சந்நியாசம் வாங்கி சுவாமி சின்மயானந்தர் ஆனார். பிறகு மலைமேலேயே இருந்துவிட்டாரா? இல்லை. இறங்கி வந்தார். 1951 ஆம் ஆண்டு முடிவில் பூனாவில் ஆரம்பித்து 1993 இல் மறையும் வரை ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் கீதையையும் உபநிஷதத்தையும் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்.

அவர் பெயரால் நடக்கிற சின்மயா மிஷன் கட்டியதுதான் நம் இறம்பொடை மலையில் இருக்கிற அனுமார் கோயில். பாருங்கள், ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் மனதில் எழுந்த கேள்வி, ரிஷிகேசம் போய், சீடர் வழியாகச் சுற்றி, கடைசியில் இன்னொரு தோட்டப் பகுதிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

"அப்படியென்றால் நாங்களும் ரிஷிகேசம் போக வேண்டுமா?" என்று யாராவது கேட்பீர்கள். வேண்டியதில்லை. நமக்கு லீவும் இல்லை, கப்பல் காசும் இல்லை. தவிர, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஞானம் தேடிப் போகிறவருக்கு ஞானம் கிடைக்கிறதோ இல்லையோ, நீதவான் கோர்ட்டிலிருந்து தாபரிப்பு வழக்கு நிச்சயம் வரும்! அந்தப் பெரியவர்கள் அவ்வளவு தூரம் நடந்து கண்டுபிடித்ததை நாம் இருந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பாதையை வெட்டினவர்கள் அவர்கள். அந்தப் பாதையில் நடக்க நமக்கு உரிமை உண்டு.

இன்னும் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் வெள்ளைக்காரர். ஒஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்தில் 1905 இல் பிறந்த விக்டர் பிராங்கல். மனநோய் வைத்தியர், யூத இனத்தவர். ஹிட்லரின் ஆட்கள் 1942 இல் இவரையும் குடும்பத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலு முகாம்களில் கிடந்தார். பசி, குளிர், அடி. பெயர்கூட இல்லை, வெறும் நம்பர். 1945 இல் யுத்தம் முடிந்து வெளியே வந்தபோது அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணன் தம்பி என்று இருந்த ஒருவர் இல்லை, மனைவியும் இல்லை. அடுத்த வருஷமே, 1946 இல், முகாமில் தான் கண்டதை ஒரு புத்தகமாக எழுதினார். உலகத்தில் பல பாஷைகளில் அது வந்திருக்கிறது.

அதில் அவர் சொல்கிற ஒரு சம்பவம். முகாமில் இரண்டு பேர் "இனி வாழ்க்கையிலிருந்து எங்களுக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை" என்று உயிரை வெறுத்துப் போனார்கள். டாக்டர் அவர்களுக்குப் புத்திமதி சொல்லவில்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டார். வாழ்க்கையிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதை விட்டுவிடுங்கள், நம்மிடமிருந்து எது எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று யோசியுங்கள் என்றார். யோசித்தார்கள். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு பிள்ளை காத்திருந்தது. மற்றவர் ஒரு விஞ்ஞானி. பாதியில் நின்றுபோன புத்தகங்கள் அவருக்காகக் காத்திருந்தன. அவரைத் தவிர வேறு யாரும் அதை முடிக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கும் வேறு அப்பா கிடையாது.

இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான். "எதுக்கு வாழுறோம்?" என்று தனியே உட்கார்ந்து கேட்டால் பதில் வராது. சுவரைப் பார்த்துக் கேட்ட மாதிரி அந்தக் கேள்வி திரும்பி நம் மேலேயே வந்து விழும். "யாருக்காக, எந்த வேலைக்காக நான் வேண்டியிருக்கிறது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். அந்தப் பதில் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்.

இப்போது அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வருவோம். "அதே மலை, அதே கூடை, அம்புட்டுத்தானா?" ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ தேயிலைத்தூள் ஆவதற்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 18 கிலோ எடுத்தால் அது ஸ்டோரில் 4 கிலோ தூளாகும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் 2000 கோப்பை. ஒரு பெண்ணுடைய ஒரு நாள் விரல் வேலை 2000 பேருக்கு ஒரு வாய்ச் சூடு. நோயாளிக்குக் கொடுப்பார்கள், பிரயாணம் போய் வந்தவருக்குக் கொடுப்பார்கள், செத்த வீட்டில் கண் விழித்திருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். யார் எடுத்த கொழுந்து என்று குடிக்கிறவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பதற்காக நமக்கும் தெரியாமல் போக வேண்டுமா? அட்டைக் கடியிலும் மழையிலும் படங்கைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒன்றுமில்லாத வேலை என்று யாரும் சொல்லக் கூடாது. நாமே சொல்லிக்கொள்ளவும் கூடாது.

இந்த இடத்தில் பின்வரிசையில் இருக்கிற தம்பிமார் முகத்தைப் பார்க்கிறோம். என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. "இப்படிப் பேசிப் பேசித்தானே எங்க ஆளுகள அடக்கி வச்சாங்க? புண்ணியமான வேலைன்னு சொல்லிட்டா சம்பளம் கேக்க வேணாம், வீடு கேக்க வேணாம், காணி கேக்க வேணாமா?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் போனால் இந்த உரையால் பிரயோசனம் இல்லை.

அர்த்தம் வேறு, திருப்தி வேறு. வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்று சொல்வது, கிடைத்தது போதும் என்று வாய்மூடி இருக்கச் சொல்வது ஆகாது. உண்மை அதற்கு நேர்மாறு. தன் வாழ்க்கை பெறுமதியானது என்று நினைக்கிறவன்தான் அதற்கு உரிய மரியாதையைக் கேட்பான். தன்னை ஒன்றுமில்லை என்று நினைப்பவன் ஒன்றும் கேட்க மாட்டான், ஒரு போத்தலோடு அடங்கிப் போவான்.

நம் மலையகத்திலேயே உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோதண்டராம நடேசய்யர், தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத அந்தக் காலத்தில் புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே வந்து நம் மக்களின் நிலையைக் கண்ணால் பார்த்தார். பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பத்திரிகை நடத்தினார், சட்டசபைக்குப் போனார், 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தை உண்டாக்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடினார். பேச்சைக் கேட்க வராதவர்களும் பாட்டைக் கேட்க வந்தார்கள். வந்தவர்கள் நியாயத்தைக் கேட்டுக்கொண்டு போனார்கள். 1947 இல் நடேசய்யர் மறையும் வரை அவருக்கு ஓய்வில்லை. அவர்களிடம் போய் "வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருந்தால், பதில் சொல்ல நேரமில்லை, அடுத்த தோட்டத்தில் கூட்டம் இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்!

ஆகவே தம்பிமாரே, சம்பளம் கேட்பதும், காணி கேட்பதும், பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் கேட்பதும் அர்த்தமுள்ள வாழ்க்கைதான். ஒரே ஒரு விஷயம். அதைப் பக்கத்து லயத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

நம் முன்னோர்களையும் நினைத்துப் பாருங்கள். 1823 இல் கோப்பித் தோட்டத்துக்கு முதல் ஆட்கள் வந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். இருநூறு வருஷம் ஆனதை நினைத்து 2023 ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நம் மக்கள் நடந்தார்கள். 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இரண்டு நாட்டுத் தலைவர்கள் ஒப்பந்தம் செய்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று நம்மைப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் அக்காவுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. மிச்சமிருந்தவர்களுக்கும் பிரசாவுரிமை கொடுக்க 2003 ஆம் ஆண்டில்தான் சட்டம் வந்தது. 55 வருஷம்!

அந்தக் காலத்தில் வோட்டு இல்லாமல், சொந்தமாக ஓர் அடி மண் இல்லாமல் இருந்த நம் அப்பாயிமார், அம்மாயிமார் எழுந்து பெரட்டுக்குப் போனார்களே, எதற்கு? கோயிலுக்குக் கல் சுமந்தார்களே, மாசி மாதம் காமன் கூத்து நடத்தினார்களே, பிள்ளைக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தார்களே, எதற்கு? தங்கள் காலத்தில் ஒன்றும் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். வரப்போகிறவர்களுக்காக வாழ்ந்தார்கள். இன்றைக்கு நம் பிள்ளைகள் ஆசிரியராக, தாதியாக, வக்கீலாக, டாக்டராக வருகிறார்கள் என்றால் அந்தச் சிலேட்டில் ஆரம்பித்ததுதான்.

சரி, இனி காரியத்துக்கு வருவோம். வீட்டுக்குப் போய் என்ன செய்யலாம்?

வாசல் படியில் உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு: பரீட்சையில் தவறியது உண்மை, வேலை சரிவராமல் போனதும் உண்மை. ஆனால் உனக்கு எழுதப் படிக்கத் தெரியும், சிங்களம் பேசவும் கொஞ்சம் தெரியும். உன் லயத்தில் மருந்துத் துண்டு வாசிக்கத் தெரியாத பாட்டி இருக்கிறார். கணக்குப் பாடம் புரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது. நாளைக்கு ஒரு மணித்தியாலம் அதற்குக் கொடு. அதனால் உனக்குச் சம்பளம் வராது. ஆனால் "அண்ணன் எப்ப வருவாரு?" என்று ஒரு பிள்ளை வாசலில் காத்திருந்தால், போகப் பிடிக்காத கால் தானாக எழுந்து நிற்கும். அப்படி எழுந்த பிறகு தொழிற்பயிற்சிக்கு மனுப் போடுவோம், நாங்கள் கூட வருகிறோம்.

பெற்றோருக்கு: பரீட்சை முடிவு வரும் நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பாரு" என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். நாம் சொன்ன அந்த டாக்டர் பிராங்கல், யுத்தத்துக்கு முன்பே வியன்னாவில் மாணவர்களுக்கு ரிப்போர்ட் கொடுக்கிற காலத்தில் காசு வாங்காமல் ஆலோசனை சொல்ல ஏற்பாடு செய்தவர். பிள்ளை தோற்ற நாளில்தான் அப்பா அம்மாவுடைய கை அதற்கு அதிகமாக வேண்டும்.

பெரியவர்களுக்கு: உங்கள் வேலை முடியவில்லை. எந்த மலைக்கு என்ன பெயர், எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும், காமன் கூத்துக்குத் தப்பை எப்படி அடிப்பது, குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, இதெல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் போனால் அது உங்களோடேயே போய்விடும்.

ஆண்களுக்கு, கோபிக்காமல் கேளுங்கள்: உடம்பு வலிக்குக் குடிக்கிறேன் என்கிறோம். பாதி உண்மை. மீதிப் பாதி, வீட்டில் யாரும் என்னை மதிக்கவில்லை என்ற வலி. அந்த வலிக்குச் சாராயம் மருந்து இல்லை, அதுதான் அந்த நோயையே வளர்க்கிறது. சம்பள நாளில் நேரே வீட்டுக்கு வந்து பிள்ளையோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுப் பாருங்கள். மதிப்பு எங்கேயிருந்து வருகிறது என்று தெரியும்.

தாய்மார்களுக்கு: எல்லோருக்காகவும் வாழ்வது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. உங்களுக்காகவும் ஒருவர் இருக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க, பாத்திரம் கழுவ மகனையும் கூப்பிடுங்கள். பிறருக்காக வாழ்கிற பாடத்தை மகள் மட்டும் படித்தால் போதாது.

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். 1990களின் நடுவில் தற்கொலை மிக அதிகமாக நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. பிறகு கொடிய விஷ மருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. சாவுகள் பெரிய அளவில் குறைந்தன. இதிலிருந்து என்ன தெரிகிறது? அந்த எண்ணம் ஒரு வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில் கைக்கு ஒன்றும் எட்டாமல், பக்கத்தில் ஓர் ஆள் இருந்துவிட்டால் அது தாண்டிப் போய்விடுகிறது, மனிதர் பிழைத்து வாழ்கிறார். ஆகவே மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை வீட்டில் வைக்காதீர்கள், வைத்தால் பூட்டி வையுங்கள். "இருந்து என்ன?" என்று யாராவது சொன்னால் சும்மா சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "மனசுக்கு என்ன செய்யுது?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் கெடுதல் வராது. 1926 என்ற இலக்கத்துக்கு டெலிபோன் எடுத்தால் மனநலம் பற்றிப் பேச அரசாங்கத்தின் ஆட்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கப்பட வேண்டாம். காய்ச்சல் மாதிரி இதுவும் வைத்தியம் உள்ள ஒரு வருத்தம்தான். எங்களிடம் வந்தாலும் கூட்டிக்கொண்டு போகிறோம். இராத்திரி என்றாலும் கதவைத் தட்டுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு லயத்திலிருந்தும் இரண்டு பேர் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தனியாக இருக்கிற வயோதிபர்கள் யார், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் யார் என்று ஒரு பெயர்ப்பட்டியல் போடுவோம். யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்றும் பிரித்துக்கொள்வோம். கொப்பியும் பேனையும் நாங்கள் கொண்டு வருகிறோம். பெயர் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் போகும்போது பிள்ளைக்காம்பரா அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.